உப்பு மாவா, சோடா மாவா? பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் தொங்கல்கள் செய்ய எது தோது

மரத்தில் தொங்கவிட நட்சத்திரம், மணி, தேவதை என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய இரண்டு மாவுகள் உண்டு. ஒன்று மைதாவும் தூள் உப்பும் பிசைந்தது. மற்றது கான்ஃப்ளாரும் சமையல் சோடாவும் கலந்து காய்ச்சியது. ஈரமாவாக இருக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. காயவைக்கும்போதுதான் தெரியும், அதுவும் சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் டிசம்பர் மாதத்தில்.

உப்பு மாவுக்கு 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, முக்கால் கப் தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். கல் உப்பு கரையாமல் நின்று மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும். பிசைவதற்கு அடுப்பு தேவையில்லை என்பதால் நான்கு வயதுப் பிள்ளைகூட இந்த வேலையைச் செய்யலாம். ஆனால் மைதாவுக்கு ரப்பர் போல இழுவை இருக்கிறது. பிசைந்த உடனே தேய்த்து வெட்டினால் நட்சத்திரத்தின் முனைகள் சுருங்கிக்கொள்ளும். ஈரத்துணியால் மூடிக் கால் மணி நேரம் விட்டால் அடங்கும்.

இதைக் காயவைக்க அவன் (பேக்கிங் அடுப்பு) வேண்டும். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு 100 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம் ஆகும். நடுவில் ஒருமுறை புரட்டிப்போட வேண்டும். அவசரப்பட்டு 150 டிகிரிக்கு ஏற்றினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, பூரி மாதிரி உப்பி நிறமும் மாறிவிடும். வெயிலை நம்பலாம் என்றால், வடகிழக்குப் பருவமழையில் அது எங்கே கிடைக்கிறது? பாதி காய்ந்த மைதாவில் பூஞ்சை பிடிக்கும்.

நன்றாகக் காய்ந்தாலும் சிக்கல் தீராது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். தொங்கல் பிசுபிசுத்து, நூல் கோத்த துளையில் கிழிந்து விழும். அதனால் முன்புறம், பின்புறம், துளையின் உட்பக்கம் எல்லா இடத்திலும் இரண்டு கோட் வார்னிஷ் அடித்தே ஆக வேண்டும். வெள்ளைப் பசை பூசினால் போதும் என்பார்கள். ஈரம் பட்டால் அதுவே பிசுபிசுக்கும்.

சோடா மாவுக்கு 1 கப் கான்ஃப்ளார், 2 கப் சமையல் சோடா, ஒன்றேகால் கப் தண்ணீர். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அது உதவாது. மஞ்சள் நிற மக்காச்சோள மாவும் உதவாது. கட்டியில்லாமல் கரைத்து மிதமான தீயில் விடாமல் கிளற வேண்டும். முதலில் பால் போல இருக்கும், பிறகு அடியில் திட்டுத்திட்டாகக் கட்டும், அப்புறம் சட்டென்று மசித்த உருளைக்கிழங்கு பதத்துக்கு வந்துவிடும். அந்த நொடியே இறக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று அடுப்பில் விட்டால், காய்ந்தபின் வெடிப்பு விடும். இந்தக் கட்டம் முழுக்கப் பெரியவர்கள் வேலை. ஈரத்துணி போட்டு ஆறவைத்த பிறகுதான் பிள்ளைகள் கைவைக்கலாம்.

இதில் இழுவை இல்லாததால் வெட்டிய முனை கூர்மையாக அப்படியே நிற்கும். நிறமும் தூய வெள்ளை, பெயின்டே தேவையில்லை. அவன் இல்லாமல் நிழலில் ஓரிரு நாளில் காயும், மழை நாளில் கூடுதலாக ஒரு நாள் ஆகலாம். நேரே ஃபேனுக்கு அடியில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து ஓரம் வளைந்துகொள்ளும். காலை மாலை புரட்டிப்போடுங்கள். குறை என்றால் இரண்டு. கீழே விழுந்தால் உடையும். செலவும் அதிகம், ஏனென்றால் 2 கப் சோடாவுக்கு 100 கிராம் பாக்கெட் நான்கைந்து வேண்டும்.

கடலோரத்தில் மரத்தில் தொங்கவிட சோடா மாவுதான் எங்கள் தேர்வு. தாத்தா பாட்டிக்குப் பரிசாகப் பிள்ளையின் கை அச்சு எடுக்க, வீட்டில் பேக்கிங் அடுப்பு இருந்தால், உப்பு மாவு நல்லது. ஒரு சென்டிமீட்டர் கனத்தில் ஆழமாகப் பதியும், சட்டென்று உடையாது. அவ்வளவு கனம் காய நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் உப்பு மாவைக் கீழே சிந்தவிடக் கூடாது. அதிலுள்ள உப்பு நாயின் உயிருக்கே ஆபத்து.

எந்த மாவானாலும் துளையை ஈரத்திலேயே ஸ்ட்ராவால் போட்டுவிடுங்கள், ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி.