டெபியன் 12: துண்டாக வாங்கினால் இடம் மிச்சம், கயிறு கழன்றால் ரைட்டரும் போகலாம்

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப் அடிக்கும் கடைக்கு லிப்ரேஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் தொகுப்பில் மனு அடிக்க ரைட்டர் வேண்டும், கணக்குக்கு கால்க் வேண்டும். ஸ்லைடுக்கான இம்ப்ரெஸும் தரவுத்தளத்துக்கான பேஸும் எதற்கு? லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12இல் இவை தனித்தனி பேக்கேஜ், அதாவது தனியாக நிறுவக்கூடிய மென்பொருள் துண்டு. ‘லிப்ரேஆபீஸ்’ என்ற பெயரில் இருப்பது மெட்டாபேக்கேஜ். அதில் சரக்கு இல்லை, மற்றவற்றை இழுத்துவரும் கயிறுதான்.

சறுக்கல் இந்தக் கயிற்றில்தான். எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஹார்டுடிஸ்க் நிறைந்ததும் பேஸை மட்டும் நீக்குவார்கள். பேஸ் இல்லாமல் மெட்டாபேக்கேஜ் நிற்காது, அதுவும் கழன்றுவிடும். ரைட்டர், கால்க் எல்லாம் ‘தானாக வந்தவை’ என்று பதிவாகியிருந்தால், யாருக்கும் தேவைப்படாத துண்டுகளை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளை அடுத்த முறை அவற்றையும் வாரப் பார்க்கும். முதலிலேயே ‘நானே கேட்டுப் போட்டது’ என்று குறிக்கும் ஆப்ட்-மார்க் மேனுவல் கட்டளை கொடுத்து அந்த இரண்டையும் பிடித்துவையுங்கள். நீக்கப்போகும் பட்டியலைப் படிக்காமல் சம்மதம் சொல்லும் ‘ஒய்’ தட்டவே கூடாது.

புதிதாகப் போடுபவர் ரைட்டரையும் கால்க்கையும் மட்டும் கேட்கலாம். பரிந்துரையாக மட்டும் கூட வரும் பேக்கேஜ்களைத் தவிர்க்கும் ‘நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ்’ சேர்த்தால் இன்னும் இளைக்கும். ஆனால் ஜன்னலுக்கும் மெனுவுக்கும் தோற்றம் தரும் ஜிடிகே3 துண்டு வராது, மெனு பழைய காலத்து முகத்தோடு வந்து நிற்கும். அதைத் தனியாகக் கேட்க வேண்டும். தமிழ் மெனுவுக்கான துண்டும் தனி. புதுப் பதிப்புகள் கிடைக்கும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து ஒன்றை மட்டும் புதுசாக எடுக்க நினைக்காதீர்கள். ரைட்டர் அதே பதிப்புள்ள ‘கோர்’ என்ற அடிப்படைத் துண்டைத்தான் கேட்கும். மாற்றினால் மொத்தக் கூட்டத்தையும் மாற்றணும்.

தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்ற உள்ளீட்டுக் கருவி போதும். தமிழ்99 விசையமைப்பு மட்டுமல்ல, பழைய டைப்ரைட்டர் விசையமைப்பும் அதிலேயே கிடைக்கும். மெஷினில் கை பழகியவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

பழைய பத்திரத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக்க டெசராக்ட் போடுபவர்கள் தமிழ்த் துண்டை மறந்துவிடுவார்கள். கூடவே வருவது ஆங்கிலத் தரவுதான். தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்தால் ரோமன் எழுத்துக் குப்பையாகக் கொட்டும். தமிழ்த் தரவைப் போட்டு, மொழியாக ‘தமிழ் கூட்டல் ஆங்கிலம்’ கொடுங்கள். ஸ்கேன் 300 டிபிஐக்குக் குறைய வேண்டாம்.

டெபியன் பிரிப்பில் கோட்டைவிட்டது நோட்டோ எழுத்துருவில். தமிழுக்காக நோட்டோ-கோரைப் போட்டால் ஊர்பேர் தெரியாத லிபியெல்லாம் எழுத்துருப் பட்டியலில் ஏறி உட்காரும், வேண்டியதைத் தேடவே நேரம் போகும். லோகித் தமிழ் எழுத்துரு தனிப் பேக்கேஜ். மனுவுக்கு அதுவே தாராளம்.