மிஸ்ஸியம்மாவா, மிஸ்ஸம்மாவா?

தமிழில் ‘மிஸ்ஸியம்மா’, தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’ என்று 1955 பொங்கல் சமயத்தில் இரண்டு மொழிகளிலும் வந்த படம். இரண்டையும் இயக்கியவர் எல்.வி. பிரசாத்; தயாரிப்பு விஜயா நிறுவனம். வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இரு ஆசிரியர்களின் கதை. சாவித்திரி, ரங்காராவ், ஜமுனா மூவரும் இரண்டிலும் உண்டு.

நாயகன் தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் என்.டி. ராமராவ். ஜெமினியின் தயக்கமும் மென்மையும் இந்தப் பொய்க் கணவன் வேடத்துக்குக் கச்சிதம். என்.டி.ஆரும் குறைவில்லை, அவ்வளவுதான்.

உண்மையான வித்தியாசம் கதையில் வரும் துப்பறிவாளன் பாத்திரத்தில் இருக்கிறது. காணாமல்போன பெண்ணின் வலது காலில் உள்ள மச்சம்தான் அவனிடம் இருக்கும் ஒரே துப்பு. தமிழில் அந்த வேடம் தங்கவேலுவுக்கு. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தயாராகிவிடுகிறோம். தெலுங்கில் அதே வேடத்தில் அக்கினேனி நாகேஸ்வரராவ்! 1953இல் ‘தேவதாஸ்’ படத்தில் குடித்து அழிந்தவர், அந்தச் சோக முத்திரையை உதறவே இதை ஏற்றார். முன்னணி நாயகன் ஒருவர் இன்னொரு நாயகனின் படத்தில் கோமாளித்தனம் செய்வது இன்றைக்கு நடக்குமா?

சிரிப்புக்குத் தங்கவேலுதான், ஆனால் ஜமுனாவுடனான காதல் காட்சிகள் நாகேஸ்வரராவிடம்தான் எடுபடுகின்றன.

பாடல்களில் போட்டியே இல்லை. ராஜேஸ்வரராவின் மெட்டுகளை இரு நாயகர்களுக்கும் பாடியவர் ஏ.எம். ராஜாவே. ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால் தமிழ். சாவித்திரியின் கோபத்துக்கு ஜெமினி விழிக்கும் விழிப்புக்காக.