ரைசன் 5600, ஐ5-12400எஃப், ரைசன் 7600: கேமிங்குக்கு உங்கள் காசு எதில் போகலாம்?

நடுத்தர பட்ஜெட்டில் ஒரு கேமிங் பிசி போட வேண்டும் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொட்டேஷன் கேட்டால், பெரும்பாலும் இந்த மூன்று பிராசஸர்களில் ஒன்றைத்தான் எழுதித் தருவார்கள்: ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெலின் கோர் ஐ5-12400எஃப், ஏஎம்டியின் ரைசன் 5 7600. மூன்றிலும் 6 கோர் (கணக்குப் போடும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலைகள்). மூன்றுக்கும் அடிப்படை பவர் 65 வாட். மூன்றுமே கூலரோடு பெட்டியில் வருகின்றன. அப்படியானால் விலை குறைந்ததை எடுத்துவிடலாமே என்று தோன்றும். என் கருத்து வேறு. பிராசஸர் விலையை மட்டும் பார்க்காதீர்கள். மதர்போர்டு, ரேம் இரண்டையும் சேர்த்து மொத்த விலையைப் பாருங்கள். அந்த போர்டில் மூன்று வருஷம் கழித்து வேறு எதைப் போட முடியும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

முதலில் 5600, 12400எஃப். இரண்டும் 2022இல் வந்தவை, இரண்டின் உச்ச வேகமும் 4.4 கிகாஹெர்ட்ஸ். இன்டெலின் கோர் ஒவ்வொரு கிளாக்கிலும் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். ஏஎம்டியில் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி) 32 எம்பி, இன்டெலில் 18 எம்பி. கேம்கள் ஒரே தகவலைத் திரும்பத் திரும்பத் தேடுவதால் பெரிய கேஷ் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. முடிவில் ஒரு கேமில் இது முந்தும், இன்னொன்றில் அது முந்தும். விளையாடும்போது வித்தியாசம் தெரியாது. இந்த இரண்டுக்கு நடுவே எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம்) பார்த்து முடிவெடுப்பது வீண் வேலை. எந்த போர்டு மலிவாகக் கிடைக்கிறதோ, கையில் எந்த ரேம் ஏற்கெனவே இருக்கிறதோ, அதைப் பார்த்து எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 5600 இல்லை, 5500 இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 5500இல் கேஷ் பாதிதான், 16 எம்பி. அதோடு பிசிஐஇ (கிராபிக்ஸ் கார்டையும் பிராசஸரையும் இணைக்கும் பாதை) 3.0 மட்டுமே உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 போன்ற கிராபிக்ஸ் கார்டுகள் அந்தப் பாதையின் 8 லேன்களில் (தடங்களில்) மட்டும் இயங்குபவை. 3.0 ஸ்லாட்டில் போட்டால் அவற்றுக்குக் கிடைக்கும் பாதை 4.0இல் இருப்பதில் பாதியாகிவிடும். கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பியதும் தகவல் அந்தக் குறுகிய பாதையில்தான் போய்வர வேண்டும், படம் விட்டுவிட்டு ஓடும். அதனால் 5600 வாங்கினாலும் பி450, ஏ520 போர்டுகளைத் தவிர்த்து பி550 எடுப்பது நல்லது. முதல் இரண்டிலும் 3.0தான்.

இப்போது 7600. 2023 ஜனவரியில் வந்தது, ஜென் 4 வடிவமைப்பு, உச்சம் 5.1 கிகாஹெர்ட்ஸ். பிராசஸரைப் பிழிகிற கேம்களில் இது மற்ற இரண்டையும் தெளிவாகத் தாண்டிப் போகும். ஏஎம்டியின் பழைய கேமிங் பிராசஸரான 5800எக்ஸ்3டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆனால் அந்த வேகம் எல்லோர் திரையிலும் தெரியாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 7 மில்லி செகண்ட். அதற்குள் பிராசஸர் தன் கணக்கை முடித்து கார்டிடம் கொடுக்க வேண்டும். வேலரன்ட், சிஎஸ்2 போன்ற ஷூட்டிங் கேம் ஆடுபவர்களுக்கு, 240 ஹெர்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, 7600 கொடுத்த காசுக்கு மதிப்பு. சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட, சண்டை மும்முரமாகும்போது அது எவ்வளவு கீழே விழுகிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும். மாறாக, 4060 மாதிரி ஒரு கார்டை வைத்துக்கொண்டு 1440பியில் எல்லா செட்டிங்கும் உயர்த்தி கதை கேம் ஆடுபவருக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கே கார்டுதான் திணறுகிறது. அவர் மிச்சப் பணத்தை கார்டில் போடட்டும்.

7600இன் சிக்கல் ரேம். அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட் (போர்டில் பிராசஸருக்கான இடம்) உள்ள போர்டில் டிடிஆர்5 வகை ரேம் மட்டும்தான் போகும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், பிராசஸரில் மிச்சம் பிடித்ததெல்லாம் ரேமில் போய்விடுகிறது. பழைய கணினியில் டிடிஆர்4 ரேம் 16 ஜிபி சும்மா இருக்கிறது என்றால் 5600, 12400எஃப் இரண்டின் பக்கமும் தராசு நன்றாகவே சாயும். 12400எஃப்புக்கு டிடிஆர்4 போர்டு, டிடிஆர்5 போர்டு என இரண்டு வகையும் உண்டு. கேட்டு வாங்குங்கள், ஒன்றுக்கான ரேம் மற்றதில் போகாது.

அப்படியும் எல்லாமே புதிதாக வாங்குபவருக்கு நான் 7600தான் சொல்வேன். காரணம் சாக்கெட். 5600க்கான ஏஎம்4 சாக்கெட்டில் ஏஎம்டி என்ன செய்தது என்று பாருங்கள்: 2017இல் முதல் ரைசனுக்காக வாங்கிய பல போர்டுகளில், பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து 2022இன் 5800எக்ஸ்3டியைப் போட முடிந்தது. ஏஎம்5க்கும் 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். இன்று 7600 போட்ட போர்டில், கை கொஞ்சம் தாராளமாகும்போது 96 எம்பி கேஷ் உள்ள 7800எக்ஸ்3டியோ 9800எக்ஸ்3டியோ உட்கார்ந்துவிடும். 12400எஃப்பின் எல்ஜிஏ1700 சாக்கெட் 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. அதில் மேலே போக நினைத்தால் பெரும்பாலும் 13, 14ஆம் தலைமுறையின் பெரிய மாடல்கள்தான் வழி. அவற்றில் வோல்டேஜ் கோளாறால் கிராஷ் ஆகும் பிரச்சினை வந்து, 2024இல் இன்டெல் மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தம் கொடுத்து, வாரண்டியை 2 ஆண்டு நீட்டியது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் இதை விசாரிக்காமல் வாங்கக் கூடாது. 12400எஃப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஏஎம்டியின் அடுத்த தலைமுறை 9600எக்ஸ் பற்றியும் கேட்பார்கள். கேமிங்கில் 7600ஐவிட கொஞ்சம்தான் கூடுதல், பெட்டியில் கூலரும் கிடையாது. விலை நெருங்கி வந்தால் பார்க்கலாம்.

அதே ஏஎம்5இல் 7500எஃப் நல்ல மாற்று. 7600ஐவிட வேகம் ஒரு துளி குறைவு, உள்ளே கிராபிக்ஸ் இல்லை. அந்த ‘கிராபிக்ஸ் இல்லை’ என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால், திரும்பி வரும் வரை 7500எஃப், 12400எஃப், 5600 மூன்றிலும் திரையில் ஒன்றும் வராது. 7600 இருந்தால் அதன் சிறிய கிராபிக்ஸை வைத்து படிப்பு, ஆபீஸ் வேலை எல்லாம் நடக்கும். வீட்டில் ஒரே கணினி என்றால் இதற்காகவே நான் கூடுதல் காசு கொடுப்பேன்.

அப்புறம் நம் ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறையில் இந்தக் கூலர்களோடு மூன்றுமே ஓடும், ஆனால் 7600இன் சின்னக் கூலர் சத்தம் போடும். தனியாக ஒரு டவர் கூலருக்கும், முன்பக்கம் காற்று போகிற கேபினெட்டுக்கும் பட்ஜெட்டில் இடம் வையுங்கள். கடையில் விலை குறைத்துச் சொன்னால் பெட்டியோடா, டிரேயா (பெட்டி இல்லாமல் தனியாக விற்கும் பிராசஸர்) என்று கேளுங்கள். பெட்டியோடு வாங்கினால் கம்பெனியின் 3 ஆண்டு வாரண்டி. டிரே என்றால் விற்பவர் தருவதுதான் வாரண்டி. எத்தனை மாதம் என்பதை ஜிஎஸ்டி பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.