ஸ்டீல் ஸ்கையா, ப்ரைமோர்டியாவா?

மவுஸால் அங்கங்கே கிளிக் செய்து, பொருள்களைப் பொறுக்கிச் சேர்த்து, புதிர்களை அவிழ்த்துக் கதையை நகர்த்தும் கேம்களில் அறிவியல் புனைவு பிடித்தவர்களுக்கு நான் இரண்டைச் சொல்வேன். ஒன்று, ரெவல்யூஷன் சாஃப்ட்வேர் 1994இல் தந்த 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை'. மற்றது, வார்ம்வுட் ஸ்டுடியோஸ் 2012இல் தந்த 'ப்ரைமோர்டியா'. இரண்டிலும் கணினியின் பிடியில் ஒரு பெருநகரம் இருக்கிறது; நாயகனோடு வாயாடிக்கொண்டே ஒரு குட்டி ரோபோவும் வருகிறது.

ஸ்டீல் ஸ்கையில் என்னைக் கட்டிப்போட்டது அந்த ஊர்தான். ஆஸ்திரேலியாவின் யூனியன் சிட்டியில் எல்லாமே தலைகீழ்: மேல் தளங்களில் ஆலைகளும் புகையும், தரைத்தளத்தில் பணக்காரர்கள். லிஃப்டில் இறங்க இறங்க வசதி கூடிக்கொண்டே போகும். யாரும் எடுத்துச் சொல்லாமலே அந்த ஊரின் அநியாயம் புரிந்துவிடும். அங்கிருப்பவர்களும் சிலை மாதிரி நிற்காமல் அவரவர் வேலையாக நடமாடுகிறார்கள். நமக்கு வேண்டிய ஆள் வரும்வரை காத்திருக்க நேர்வதுதான் தொல்லை. அப்புறம் அந்தக் குட்டி ரோபோ ஜோயி! அவன் உண்மையில் ஒரு சர்க்யூட் போர்டு. நாயகன் ஃபாஸ்டர் அதைக் கழற்றி வேறு உடலில் செருகும்போதெல்லாம் ஜோயியால் முடிகிற வேலையும் மாறும். இதைவிட அழகான புதிர்க் கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் ஃபாஸ்டர் செத்துப்போகவும் கூடும். அடிக்கடி சேவ் செய்துகொள்ளுங்கள்.

ப்ரைமோர்டியாவில் மனிதர்களே இல்லை. பாலைவனத்தில் விழுந்து கிடக்கும் கப்பலில் வாழும் ரோபோ ஹொரேஷியோ. அவனுக்கு மின்சாரம் தரும் பவர் கோரை இன்னொரு ரோபோ பறித்துப் போக, அதைத் தேடி மெட்ரோபோல் நகருக்குக் கிளம்புகிறான். மனிதனைக் கடவுளாகக் கருதி வேதம் படிக்கும் இயந்திரம் அவன். பழுதுபார்ப்பது அவன் இயல்பு என்பதால் புதிர்கள் கதையோடு ஒட்டி நிற்கின்றன. ஸ்டீல் ஸ்கையின் சில புதிர்களில் அந்த ஒட்டுதல் இல்லை. இங்கே சில புதிர்களுக்கு வேறு வழியும் உண்டு, முடிவும் நம் செயல்களைப் பொறுத்து மாறும். திணறினால் தோழன் கிரிஸ்பினிடம் குறிப்பு கேட்கலாம்.

ஒன்றுதான் ஆட முடியும் என்றால் என் தேர்வு ப்ரைமோர்டியா. அந்த ரோபோவின் நம்பிக்கை ஆட்டம் முடிந்த பிறகும் என்னை விடவில்லை. காசு செலவழிக்க யோசனையா? சரி, ஸ்டீல் ஸ்கை 2003 முதல் இலவசம். ஸ்கம்விஎம் மென்பொருள் இருந்தால் இன்றைய கணினியிலும் ஓடும்.