மிர்டாசபினா, புப்ரோபியானா? விடியுமுன் மலை இறங்குகிறவனின் கணக்கு

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு ஓட்டுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, கழுவி மூட்டை கட்டி வைத்திருப்பதை ஏற்றிக்கொண்டு மூன்றரைக்குள் கிளம்பியாக வேண்டும். போன வருடம் ஆனி மழையின்போது மனசு அப்படியே முடங்கிப்போனது. பசி இல்லை, பேச்சு இல்லை, படுத்தால் தூக்கமும் இல்லை. முதலில் எழுதிக்கொடுத்த எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எனக்கு ஒத்துவரவில்லை. குமட்டல் ஒரு பக்கம், இல்லற வாழ்க்கையில் தொந்தரவு இன்னொரு பக்கம். வேறு வகைக்கு மாறலாம் என்று கோயம்புத்தூரில் பார்த்த மனநல மருத்துவர் இரண்டு மாத்திரைகளின் பெயர் சொன்னார்: மிர்டாசபின், புப்ரோபியான். இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது எட்டு மாதமாக புப்ரோபியானில் இருக்கிறேன், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

மிர்டாசபின், நரம்பு நுனியில் இருக்கும் ஆல்ஃபா-2 ஏற்பியை, அதாவது சுரப்பைக் கட்டுப்படுத்தும் ஒரு பூட்டை, அடைத்துவிடும். அது ஒரு கடிவாளம் மாதிரி. கடிவாளம் தளர்ந்ததும், நரம்புகளுக்கிடையே சேதி கொண்டுபோகும் நார்அட்ரினலினும் செரட்டோனினும் கூடுதலாகச் சுரக்கும். கூடவே ஹிஸ்டமின் ஏற்பியையும் அடைக்கும். சளிக்குப் போடும் பழைய மாத்திரைகளில் கண் சொக்குவதும் இதே வழியில்தான். புப்ரோபியான் வேறு ரகம். சுரந்த நார்அட்ரினலினும், அதே மாதிரி சேதி கொண்டுபோகும் டோபமினும் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கும், செரட்டோனின் பக்கம் போகாது. அதனால் ஒன்று ராத்திரி மாத்திரை, மற்றது காலை மாத்திரை. இல்லறத் தொந்தரவு இரண்டிலுமே எஸ்சிட்டலோபிராம் வகையைவிடக் குறைவு. எடை மிர்டாசபினில் ஏறும். ஆறே வாரத்தில் எனக்கு நாலு கிலோ ஏறியது.

இந்த எடையைக்கூடப் பொறுத்திருப்பேன். என்னால் முடியாமல் போனது அந்த மூன்றரை மணி.

மிர்டாசபினின் அரை ஆயுள் 20 முதல் 40 மணி நேரம். அதாவது உள்ளே போன மருந்தில் பாதி வெளியேறவே அவ்வளவு நேரம் ஆகும். எட்டு மணிக்கு 15 மில்லிகிராம் போட்டுப் படுத்தால், பல மாதங்களுக்குப் பிறகு நல்ல தூக்கம் வந்தது உண்மைதான். ஆனால் இரண்டு மணிக்கு எழும்போது மருந்தின் பெரும்பகுதி இன்னும் உள்ளேயே இருக்கும். ஒரு நாள் வழியில் குஞ்சப்பனை ஊரை நெருங்கும்போது நல்ல பனிமூட்டம். வலது வளைவு வருவது கண்ணுக்குத் தெரிகிறது, கை ஸ்டியரிங்கைத் திருப்ப ஒரு நொடி தாமதிக்கிறது. முன் சக்கரம் ஓரத்து ஜல்லியில் ஏறிய சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் மூட்டைகள் முன்பக்கம் சாய்ந்து கேபினில் இடித்தன. வண்டியை ஓரம் கட்டி, பொழுது விடிகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மண்டியில் விலை போனதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அடுத்த வாரம் மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

புப்ரோபியானுக்கு மாறுவதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி குடியைப் பற்றி. இந்த மருந்தின் பெரிய ஆபத்து வலிப்பு. 1985இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து, வலிப்பு வந்ததால் 1986இல் நிறுத்தப்பட்டு, உச்ச அளவைக் குறைத்து 1989இல் திரும்ப வந்த மருந்து இது. நாளுக்கு 300 மில்லிகிராம் வரை என்றால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு வலிப்பு வரலாம். 450க்குப் போனால் ஆயிரத்தில் நான்கு பேர். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், பட்டினி கிடந்தோ தின்றதை வாந்தியெடுத்தோ உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கும் கொடுக்கவே கூடாது. தினம் குடித்துவிட்டு ஒரேயடியாக நிறுத்துகிறவர்களுக்கும் கூடாது, ஏனென்றால் குடியைத் திடீரென்று விட்டாலே வலிப்பு வரும்.

இங்கே குளிருக்கு ஒரு குவார்ட்டர் என்பது லோடு ஓட்டுகிறவர்களிடம் சர்வசாதாரணம். நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் தடவை போனபோது எப்போதாவது என்று சொல்லி வைத்திருந்தேன். இந்தத் தடவை தினமும் என்று உள்ளதைச் சொன்னேன். அவருடைய மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மூன்று மாதம் ஒரு சொட்டும் தொடாமல் இருந்த பிறகுதான் புப்ரோபியான் எழுதினார். அதுவரை மச்சான்தான் வண்டியை ஓட்டினார். குடியை மறைத்து இந்த மாத்திரையை வாங்குகிறவர் ஸ்டியரிங்கில் உட்காரும்போது, எதிரே வரும் பஸ்ஸில் இருப்பவர்களின் உயிரையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறார்.

150 மில்லிகிராமில் தொடங்கி, பிறகு 300. இரண்டு மணிக்கு எழுந்ததும் டீயோடு போட்டுவிடுவேன், படுக்கப் போவதற்குள் பதினெட்டு மணி நேரம் இடைவெளி கிடைத்துவிடும். முதல் இரண்டு வாரம் வாய் காய்ந்தது, விரல் லேசாக நடுங்கியது, தூக்கமும் குறைந்தது. அந்த இரண்டு வாரமும் மச்சானையே ஓட்டச் சொல்லிவிட்டேன். நாலாவது வாரம் ஒரு நாள் தோட்டத்தில் கேரட் கழுவிக்கொண்டிருந்தவர்களோடு நானாகப் பேச்சுக் கொடுத்தேன். அதை முதலில் கவனித்தது என் மனைவி. பீடியும் பாதியாகக் குறைந்திருக்கிறது. புகைப் பழக்கத்தை விடுவதற்கென்றே 1997இல் அமெரிக்காவில் இதற்குத் தனி அனுமதி கிடைத்தது.

பராமரிப்பு என்று பார்த்தால் புப்ரோபியான் கொஞ்சம் வேலை வாங்கும். ரத்த அழுத்தம் ஏறலாம் என்பதால் அவ்வப்போது பார்க்க வேண்டும். நான் சாப்பிடுவது மெதுவாகக் கரையும் வகை. அதை உடைக்கவோ கடிக்கவோ கூடாது, உடைத்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடவும் கூடாது. ஒரு முறை மழையில் பாதை அடைபட்டுக் கிடந்தபோது, இங்கே ஒரு மருந்துக்கடையில் வேறு வகையைக் கையில் கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். வாங்கவில்லை. மருத்துவருக்கு போன் செய்தபோது, ஒரு நாள் விட்டால் பரவாயில்லை, வகையை மாற்றாதே என்றார். இப்போது பத்து நாள் மாத்திரை எப்போதும் கூடுதலாகக் கையிருப்பில் இருக்கும்.

மிர்டாசபினை நான் குறை சொல்லவில்லை. நான் சாப்பிட்டது ஆறு வாரம்தான், நீண்ட நாள் சாப்பிட்டால் எப்படி என்பது எனக்கு அனுபவமில்லை. அரவேனுவில் இருக்கும் என் அக்காவுக்கு அதுதான் கைகொடுத்தது. அறுபத்திரண்டு வயது, சாப்பாடு இறங்காமல் எலும்பும் தோலுமாக இருந்தாள். "தம்பி, ராத்திரி முழுக்க கூரையைப் பார்த்துக்கிட்டே கிடந்தேன்டா, இப்ப விடியற வரைக்கும் தூங்குறேன்" என்றாள். அவள் வண்டி ஓட்டப் போவதில்லை, எடை கூடுவது அவளுக்கு நல்லதும்கூட. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அரிதாக வெள்ளை அணுக்கள் குறைந்துபோகலாம். படபடப்பு அதிகம் உள்ளவர்களுக்கும் புப்ரோபியானைவிட அது பொருந்தலாம். எனக்குப் படபடப்பு இருந்ததில்லை, அதனால் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

இரண்டிலும், 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். வீட்டில் இருப்பவர்கள் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். அப்படி ஓர் எண்ணம் எட்டிப் பார்த்தால், எந்த வயதானாலும், 14416க்கு அடியுங்கள். டெலிமானஸ், அரசாங்கத்தின் இலவச எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது, எப்போது குறைப்பது என்று கேட்க வேண்டும்.