4 வருஷமாக ஓபிஎன்சென்ஸ்: ஒட்டுக்கேட்பை ஃபயர்வால் எவ்வளவு தடுக்கிறது?

நான் பார்த்துக்கொள்ளும் ஆடிட்டர் அலுவலகத்தில் 15 கம்ப்யூட்டர். 4 வருஷத்துக்கு முன் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் இன்னொரு லேன் கார்டு போட்டு ஓபிஎன்சென்ஸ் ஏற்றினேன். 2015-ல் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வாலிலிருந்து பிரிந்து வந்த இலவச ஃபயர்வால், அதாவது உள் நெட்வொர்க்குக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே நின்று வடிகட்டும் மென்பொருள். இனி எவனும் நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்க முடியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

முதல் வருஷமே அந்த நிம்மதி போனது. வைஃபை சரியாகக் கிடைக்கவில்லை என்று ஒரு பையன் வீட்டிலிருந்த பழைய ரௌட்டரைக் கொண்டுவந்து சுவர் லேன் பாயின்ட்டில் செருகிவிட்டான். அது தன் பங்குக்கு ஐபி முகவரி கொடுக்க ஆரம்பிக்க, பாதி கம்ப்யூட்டர்கள் அதையே கேட்வே (வெளியே போகும் வாசல்) என்று நம்பி இன்டர்நெட் இல்லாமல் தவித்தன. ஃபயர்வால் லாகைப் புரட்டினால் ஒன்றுமே இல்லை. எப்படி இருக்கும்? ஒரே சப்நெட்டில் (உள் நெட்வொர்க்கின் ஒரே பிரிவில்) உள்ள மெஷின்கள் ஸ்விட்ச் வழியாக நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சு ஃபயர்வாலிடம் வருவதே இல்லை. ஒரு ஐபி முகவரி எந்த மெஷினுடையது என்று கேட்டறியும் முறைதான் ஏஆர்பி; அதில் பொய்ப் பதில் சொல்லி ஏமாற்றும் ஏஆர்பி ஸ்பூஃபிங் நுழைவதும் இதே சந்தில்தான். 'நான்தான் கேட்வே' என்று யார் சொன்னாலும் ஏஆர்பி நம்பிவிடும், சரிபார்க்க அதற்கு வழி கிடையாது. பையன் அப்பாவி. விஷயம் தெரிந்த ஒருவன் லேப்டாப்பைச் செருகியிருந்தால் இன்டர்நெட் நிற்காமலே ஓடியிருக்கும், எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

அப்புறம்தான் மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடிய ஸ்விட்ச்) வாங்கி, அனுமதியில்லாத ரௌட்டர் ஐபி முகவரி கொடுப்பதைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போட்டேன். வாடிக்கையாளர் வைஃபை, பிரிண்டர், கணக்கு மெஷின்கள் மூன்றுக்கும் தனித்தனி விலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்). ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஃபயர்வாலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எழுதி வைத்திருந்த விதிகளுக்கு அன்றுதான் வேலையே வந்தது.

தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்-ஐ, ஓபிஎன்சென்ஸில் உள்ள அன்பவுண்ட் என்ற மென்பொருள் டிஎல்எஸ் குறியாக்கம் வழியாக போர்ட் 853-ல் கேட்கிறது. நேராக வெளியே போகப் பார்க்கும் 53-ஐ (குறியாக்கம் இல்லாத டிஎன்எஸ் போர்ட்) ஒரு நாட் விதி (முகவரியை மாற்றியனுப்பும் விதி) அன்பவுண்டுக்கே திருப்பிவிடுகிறது. தொந்தரவே இல்லை. பிரவுசர் தானாக 443 (ஹெச்டிடிபிஎஸ் போர்ட்) வழியே டிஎன்எஸ் கேட்டால் மட்டும் அந்த விதி வேடிக்கை பார்க்கும். வெளியூர் ஆடிட் போகிறவர்களுக்கு வயர்கார்டு, அதாவது அலுவலகம் வரை குறியாக்கிய பாதை போடும் விபிஎன். லாட்ஜ் வைஃபையைப் பற்றி இப்போது கவலைப்படுவதில்லை.

ஒரு காரியத்துக்கு மட்டும் வருத்தப்படுகிறேன். சொந்தச் சான்றிதழை எல்லா மெஷினிலும் ஏற்றி, ஹெச்டிடிபிஎஸ்-ஐ (குறியாக்கிய வெப் போக்குவரத்தை) நடுவில் நின்று பிரித்துப் பார்க்கும் ப்ராக்ஸி போட்டேன். சில ஆப்கள் சான்றிதழை ஏற்காமல் நின்றுவிட்டன. அதுகூடப் பரவாயில்லை. எல்லாருடைய பேங்க் பாஸ்வேர்டும் என் பெட்டிக்குள் பிரிந்து போகிறது என்பது உறைத்தபோது, நடுவில் உட்கார்ந்திருந்தது நானேதான். ஒரே வாரத்தில் கழற்றிவிட்டேன்.