கச்சானுக்கு அஞ்சாத அடுப்பும் திரைந்த சொதியும்

மூதூரில் இருக்கும் மச்சாள் சென்ற கிழமை தொலைபேசியில் அழைத்து, "விறகுப் புகையோட இனி ஏலாது, உங்கட வீட்டில இருக்கிற மாதிரி ஒரு இண்டக்சன் அடுப்பு வாங்கட்டா?" என்று கேட்டார். விசிறி பழுதாகி, திருத்தகத்தில் 9 நாட்கள் கிடந்த எங்கள் அடுப்பு வீடு திரும்பியதும் அதே கிழமைதான். 2023 தை மாதத்தில் வாங்கியது. இரண்டரை ஆண்டுகளாக மூன்று வேளையும் உழைக்கிறது. எனவே மச்சாளுக்குச் சொல்ல எனக்கு நிறையவே இருந்தது.

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் குசினியின் யன்னல் மேற்குப் பார்த்தது. வைகாசி பிறந்து கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால், விறகடுப்புப் புகை வெளியேற வழியின்றி அம்மாவின் முகத்திலேயே திரும்பி அடிக்கும். எரிவாயு அடுப்புக்கு மாறிய பிறகும் சுவாலை ஒரு பக்கம் சாய்ந்து அணைந்துவிடும் என்பதால், யன்னலைச் சாத்திவிட்டு அந்த வெக்கையில் நின்று சமைத்தோம். இப்போது யன்னல் திறந்தே கிடக்கிறது. சுவாலையே இல்லாத அடுப்பைக் காற்று என்ன செய்யும்? கண்ணாடித் தட்டின் கீழுள்ள செம்புச் சுருள் உண்டாக்கும் காந்தப் புலம் பாத்திரத்தின் அடியையே சூடாக்குவதால், இரண்டு லீற்றர் தண்ணீர் எட்டு நிமிடத்தில் கொதிக்கிறது. விடியற்காலையில் அம்மா இருமும் சத்தம் குறைந்திருப்பதுதான் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி. வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அம்மாவின் நெஞ்சுச் சளியைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

ஆனால் தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிதான் சரியாக வருவதில்லை. முதற்பால் விட்ட பிறகு சொதி கொதிக்கக்கூடாது. மெல்லிய சூட்டில், கரண்டி ஓயாமல் துழாவி, நுரை கூடி வரும்போது இறக்க வேண்டும். எங்கள் அடுப்பில் 300 வாட் என்று எண் காட்டினாலும் உண்மையில் சூடு குறைவதில்லை. சில விநாடிகள் முழு வேகத்தில் எரிந்து, பின் சில விநாடிகள் முற்றாக நின்று, மீண்டும் அதே வேகத்தில் எழும்புகிறது. சராசரிக் கணக்கில் அது 300 வாட்டாக இருக்கலாம்; தேங்காய்ப்பாலுக்குச் சராசரி தெரியாது. எழும்பும் அந்தச் சில விநாடிகளில் அடிப்பால் கொதித்து, புரதம் இறுகி, எண்ணெய் தனியே பிரிந்து மிதக்கிறது. விலை குறைந்த அடுப்புகள் பலவற்றில் இதுவே நிலைமை என்று திருத்துபவர் சொன்னார். அடி தடித்த பாத்திரத்தில் வைத்து, முதற்பாலுக்கு முன்பே அடுப்பை நிறுத்தி, மீதிச் சூட்டில் துழாவினால் ஓரளவு தப்பலாம். இவ்வளவு பாடுபட்டும் பத்துக்கு மூன்று தடவை திரைகிறது. அந்த மூன்று தடவையும் எனக்கு வரும் கோபம் சொல்லி மாளாது.

மற்றவை சிறியவை. காந்தம் ஒட்டாத மண்சட்டியும் அலுமினியப் பானையும் இதில் சூடேறா. புட்டுப்பானையைப் புதிதாக வாங்கினோம். மின்சாரம் மாதம் 50 அலகு அளவில் கூடியது, எரிவாயுச் சிலிண்டர் வாங்குவது அருகியது. கடற்காற்றின் உப்பு படிந்ததால் விசிறி நின்றதாம், அதற்கு 2,800 ரூபாய். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறக்காததால் பின்புறத்து விறகடுப்பை இடிக்கவில்லை. 2025 மாசி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது அதில்தான் மத்தியானச் சோறு வெந்தது.

இவ்வளவையும் மச்சாளிடம் ஒழுங்காகச் சொல்லி, வாங்குங்கள் என்று முடிக்கவே நினைத்திருந்தேன். திருத்தி வந்த அடுப்பில் இன்று மத்தியானம் வைத்த முதற் சொதியும் திரைந்துவிட்டது. தொலைபேசியை எடுத்து, "இப்போதைக்கு வாங்க வேண்டாம் மச்சாள்" என்று சொல்லிவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்து, திறந்த யன்னலைக் காட்டித் தலையை ஆட்டினார்.